தொட்டிச் சாவி

பிள்ளையை எப்சிபாவின் மடியில் கிடத்திவிட்டு ஜெபக்கனி முன்வரிசைக்குப் போய்விட்டாள். பெற்றவள் முன்னால், ஞானத்தாய் கடைசிப் பெஞ்சில், பிள்ளை ஞானத்தாயின் மடியில். சீயோன்விளைக் கோயிலில் ஞானஸ்நானம் என்றால் அப்படித்தான். யார் ஏற்படுத்தியது என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் சொல்வதுபோல இதற்கும் தோர்ன்பி ஐயர் என்பார்கள். அந்த வெள்ளைக்காரர் கல்லறைக்குள் போய் நூற்றுப் பத்து வருஷமாகிறது, இன்னும் மனுஷனைத் தூங்க விடவில்லை. ஐந்து மாதப் பிள்ளை, பெண், தூங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு கனத்தை எப்சிபா எதிர்பார்க்கவில்லை. தான் தைத்துக்கொடுத்த வெள்ளைக் கவுன், அதற்குள் ஒரு சின்ன உடம்பு, அவ்வளவுதானே என்று நினைத்துத்தான் கையை நீட்டியிருந்தாள். பவுடரும் கக்கிய பாலும் கலந்த வாசனை முகத்துக்கு வந்தது. இந்த ஊரில் எத்தனை பிள்ளைகளுக்குக் கவுன் தைத்திருப்பாள், அளவெடுக்கத் தொட்டதோடு சரி, ஒன்றைக்கூட மடியில் வாங்கியதில்லை. கை வலிக்கிறது என்பாள், அடுப்பில் பால் இருக்கிறது என்பாள், ஊரும் அதற்குமேல் கேட்காது. இந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படிச் சரி என்றாள்? ஊசியில் நூல் கோத்துக்கொண்டு இருந்தபோது ஜெபக்கனி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அத்தை நீங்கதான் நிக்கணும், உங்ககிட்டதான தையல் படிச்சேன் என்றாள். வாய் சரி என்று சொல்லிவிட்டது. வாய்க்கு என்ன, அது சொல்லிவிட்டுப் போய்விடும், பிறகு கிடந்து மாய்வது மற்றதெல்லாம். ஜெபக்கனி வெளியூர்ப் பெண், கட்டிக்கொண்டு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. மாமனார் ஞானாபரணம் சார் என்றால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், கோயில் கமிட்டியில் மூத்தவர், எண்பத்து மூன்று வயதிலும் தன் வேட்டியைத் தானே துவைப்பவர். அவ்வளவு தெரிந்தால் போதும் என்றுதான் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தவர்களும் நினைத்திருப்பார்கள்.

சார் வாசிப்பு மேசைக்கு ஏறினார். கைகொடுக்க வந்தவனைத் தள்ளிவிட்டு அவரே ஏறினார். இன்றைக்குப் பிரதிஷ்டைப் பண்டிகை, கோயில் கட்டி நூற்றைம்பது வருஷம். அதனால் பிரசங்கத்துக்குப் பதிலாகச் சபை வரலாறு வாசிப்பது என்று கமிட்டியில் தீர்மானம். எழுதியவரும் அவர், வாசிப்பவரும் அவர், தலையாட்டுவதற்கு முன்வரிசை நிறைய அவர் வீட்டு ஆட்கள். மஞ்சள் அட்டை போட்ட புத்தகத்தை வாசலில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள், எப்சிபா தன்னுடையதைப் பெஞ்சில் போட்டு அதன்மேல் பால்புட்டியை வைத்திருந்தாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கர்த்தருக்குள் பிரியமானவர்களே என்று தொடங்கினார். பழைய வகுப்பறைக் குரல்தான். அந்தக் குரலுக்கு ஒரு நாளும் ஒரு சந்தேகமும் வந்தது கிடையாது. பனையேறிகள் ஓலைக்கொட்டகையில் ஜெபித்த காலம், கொட்டகையைப் புயல் கொண்டுபோன வருஷம், தோர்ன்பி ஐயர் குதிரைமேல் வந்து இறங்கியது, மணலில் கல் நிற்காது என்றவர்களை மீறிப் பனந்தூரைத் தோண்டி எறிந்து அஸ்திவாரம் போட்டது, எல்லாம் வருஷம் தேதியோடு வந்தன. வருஷம் தேதியில் அவரை மிஞ்ச ஆளில்லை. எப்சிபா பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. ஏன் பார்த்தாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு ஏன் மூச்சைப் பார்க்க வேண்டும்? கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தாள். யாராவது கவனித்தால் எறும்பைத் தட்டிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இனி நமது ஞானஸ்நானத் தொட்டியின் சரித்திரத்துக்கு வருவோம் என்றார் சார். எல்லோரும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்கள். தொட்டி எப்சிபாவுக்குப் பக்கத்தில், மேற்கு வாசலை ஒட்டி, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. அவர்கள் பார்ப்பது தொட்டியையா தன்னையா என்று ஒரு நிமிஷம் அவளுக்குப் புரியவில்லை. எட்டுப் பட்டைக் கல். இந்தப் பக்கத்துக் கல் இல்லை, அக்கினி வெயிலிலும் சில்லென்றிருக்கும். இங்கிலாந்து தேசத்தில் ஆல்டர்ஸ்டன் என்ற சின்னக் கிராமம், அதில் ஒரு சின்னக் கோயில், அதில் அறுநூறு வருஷம் நின்ற தொட்டி இது என்று சார் வாசித்தார். அங்கே ராஜாவுக்கும் ஜனங்களுக்கும் சண்டை நடந்த காலத்தில் போர்ச்சேவகர்கள் கோயிலுக்குள் புகுந்து, தொட்டியில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினார்களாம், பட்டைக்கு ஒன்றாகச் செதுக்கியிருந்த தூதர்களின் முகங்களைச் சுத்தியலால் சிதைத்தார்களாம். பின்னொரு காலத்தில் அந்த ஊர்ப் பெரிய வீட்டுச் சீமாட்டி புதிதாகப் பளிங்குத் தொட்டி ஒன்று செய்துகொடுக்க, பழையதை வெளியே தள்ளிவிட்டார்கள். மழைநீர் தேங்கிக் கிடந்த அதைத்தான், அந்த ஊரில் பிறந்து அந்தத் தொட்டியில் பெயர் பெற்ற தோர்ன்பி ஐயர், தம் அண்ணனுக்குக் கடிதமெழுதி வரவழைத்தார். அவர்கள் வேண்டாமென்று வெளியே போட்டது நமக்குக் கோயிலுக்குள் வந்தது. சார் அப்படி வாசிக்கவில்லை, மூலைக்கல் என்று என்னவோ அழகாக வாசித்தார். தூத்துக்குடிக் கரையில் இறக்கி, தேரி மணலில் சக்கரம் புதைந்து புதைந்து, இருபத்துநான்கு மாடுகள், பதினொரு நாள். வழியில் பெயர் தெரியாத வண்டிக்காரர் ஒருவருக்குக் கால் நசுங்கியது. மாட்டுக்குக் கணக்கு இருக்கிறது, கால் போனவனுக்குப் பெயர் இல்லை என்று எப்சிபா நினைத்தாள். நினைத்துக்கொண்டே தன் பக்கத்துப் பட்டையில் இருந்த தூதனைப் பார்த்தாள். இறக்கை இருக்கிறது, கூப்பிய கை இருக்கிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கொத்திய கல். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதைப் பார்த்திருப்பாள். நான் பெற்றதற்கு மூக்கு எப்படி இருந்தது, அவர் மூக்கா என் மூக்கா? முடி நிறைய இருந்தது நினைவிருக்கிறது, காதில்கூட முடி இருந்தது. இடது கால் பெருவிரலை எந்நேரமும் மடக்கி வைத்திருக்கும். முகம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. பத்தொன்பது நாள் பார்த்த முகம். ஒரு படம் எடுத்திருக்கலாம், யார் எடுத்தார்கள் அந்தக் காலத்தில், ஞானஸ்நானம் முடிந்து ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்றார் அவள் புருஷன் தங்கப்பழம்.

தொட்டிக்குக் கருங்காலி போல இறுகிய மரத்தில் ஒரு மூடி, மூடிக்கு இரும்புப் பட்டை, பட்டைக்குப் பூட்டு. தொட்டியோடு சேர்ந்து கப்பலில் வந்தவை. அந்தக் காலத்துச் சீமையில் சூனியக்காரர்கள் ஞானஸ்நானத் தண்ணீரைத் திருடிப்போய் வசியம் வைத்தார்களாம், அதனால் எல்லாத் தொட்டியையும் பூட்டி வைக்கும்படி மேற்றிராணிமார் என்கிற பிஷப்புமார் உத்தரவு போட்டார்களாம். சூனியக்காரி செத்தாள், உத்தரவு போட்டவர்கள் செத்தார்கள், பூட்டு மட்டும் கடல் தாண்டிச் சீயோன்விளைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தச் சாவியைத் தோர்ன்பி ஐயர் எமது முப்பாட்டனார் கையில் ஒப்புவித்தார், அது முதல் இன்றுவரை அதைக் காப்பது எமது குடும்பத்தின் எளிய ஊழியம் என்று சார் வாசித்தபோது குரல் கொஞ்சம் தழுதழுத்தது. எளிய ஊழியம். எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பில் பிள்ளை அசைந்தது, தட்டிக்கொடுத்தாள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தின பங்குனி மாசம், வெள்ளிக்கிழமை, சாயங்காலம். பிறந்த ஏழாம் நாளே அவள் பிள்ளைக்கு உடம்பு மஞ்சளாகிவிட்டது, காலை வெயிலில் காட்டினால் சரியாகும் என்று டவுனில் சொல்லி அனுப்பினார்கள், காட்டினாள். பத்தொன்பதாம் நாள் பால் குடிக்கவில்லை. வெயில் இறங்கும்போது மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டவுன் பஸ் போய்விட்டது. ஐயர் இருப்பது பத்து மைல் தள்ளி, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். ஐயர் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் வந்து பார்த்துவிட்டு, தாங்காது, சாவியை வாங்கிட்டு வாங்க, தண்ணியாவது ஊத்திருவோம் என்றார். தண்ணீர் என்றால் தொட்டித் தண்ணீர். வேறு தண்ணீர் தண்ணீரே இல்லை, இந்த ஊரில் அதைச் சந்தேகப்பட்டவர்கள் யாருமில்லை, உபதேசியார் உட்பட. தங்கப்பழம் ஓடினார். உப்பளத்தில் வேலைபார்த்து வெடித்த காலோடு மணலில் ஓடினார். சார் அப்போது நாற்பத்தைந்து வயது ஹெட்மாஸ்டர், கமிட்டிச் செயலர், முற்றத்தில் மேசை போட்டு முழுப்பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். அந்த வருஷம் கமிட்டித் தேர்தலில் தங்கப்பழத்தின் அண்ணன் எதிர் அணியில் நின்றிருந்தார் என்பதும் உண்டு. பிள்ளைக்கு முடியல சார், சாவி வேணும் என்றார் இவர். இந்தக் கட்டு முடியட்டும், நில்லு என்றார் அவர். நின்றார். கட்டில் எத்தனை தாள் இருந்ததோ, அத்தனைக்கும் மார்க் போட்டு, கூட்டி, மேலே வட்டம் போட்டுவிட்டுத்தான் எழுந்து உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்தாராம். இதைத் தங்கப்பழம் அவளிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. சத்தம் போட்டிருக்கலாமே என்று அவள் கேட்கவில்லை. அவருக்குச் சத்தம் போட வராது. வராத மனுஷன்மேல் கோபப்பட்டு என்ன, ஆனாலும் கோபம் இருந்தது, திருப்பூரிலிருந்து மகன் வந்து அவரை அடக்கம்பண்ணின அன்றும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. சாவியோடு அவர் வந்தபோது பிள்ளையின் தலைமாட்டில் விளக்கு ஏற்றியாயிற்று. மறுநாள் காலையில் சாவியைச் சார் வீட்டம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

கரண்டு போயிற்று. காற்றாடிகள் மெல்ல நின்றன, ஜனங்கள் மஞ்சள் புத்தகத்தை எடுத்து விசிறிக்கொண்டார்கள். வடக்குப் பக்கமிருந்து ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது, பெஞ்சு லேசாக அதிர்ந்தது, எப்சிபாவின் பாதத்துக்குள் அந்த அதிர்வு ஏறிவந்தது. அவளுக்கு அதைக் கேட்டாலே பல் கூசும். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை. யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை, தங்கப்பழமே தெரிந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடக்குச் சுவருக்கு வெளியே போய்விட்டார். ஒரு உடைமரத்தின் அடியில் என்றார். பிரசவித்த உடம்போடு அவளைப் போக விடவில்லை, நாற்பது நாள் கழித்துப் போனபோது அங்கே மூன்று உடைமரம் நின்றது. எது என்று அவர் காட்டினார், காட்டும்போது அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு சுவரை இடித்துத் தள்ளிக் கட்டினார்கள், மரத்தை வெட்டினார்கள், சிமெண்டுத் தளம் போட்டு ஜெனரேட்டர் கொட்டகை வைத்தார்கள். பண்டிகைக்குப் பண்டிகை அதன்மேல் மெஷின் ஓடுகிறது. என்ன ஒரு தூக்கம் உனக்கு என்று மடியிலிருந்த பிள்ளையிடம் சொன்னாள், சத்தமில்லாமல், அது யாரிடம் சொன்னது என்று அவளுக்கே நிச்சயமில்லை.

சார் ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். இந்த வரலாற்றுக்காக ஆல்டர்ஸ்டன் கோயிலுக்கே எழுதிக் கேட்டேன், அங்கே காரியஸ்தராக இருக்கிற ஒரு அம்மையார் பதில் போட்டார்கள், அதில் சுவாரசியமான ஒரு செய்தி என்றார். கண்ணாடிக்குமேல் சபையைப் பார்த்துச் சிரித்தார். வகுப்பில் கதை சொல்லப்போகும்போது சிரிக்கிற சிரிப்பு. அந்தக் கோயிலின் மிகப் பழைய பதிவேட்டில், இந்தத் தொட்டி அங்கே இருந்த நாளில், இன்னாருடைய மகள் பிறந்த அன்றே சாகுந்தறுவாயில் இருந்தபடியால் மருத்துவச்சியின் கையால் வீட்டிலேயே ஞானஸ்நானம் பெற்றாள், மறுநாள் கோயில் தோட்டத்தில் அடக்கம் என்று எழுதியிருக்கிறதாம். பாருங்கள், தொட்டி பூட்டிக் கிடக்கிறது, அந்த அம்மாள் அடுக்களைச் செம்புத் தண்ணீரிலேயே காரியத்தை முடித்துவிட்டாள் என்றார். முன்வரிசை சிரித்தது. அவசர வேளையில் குருவானவர் இல்லாவிட்டால் விசுவாசி எவரும் எந்தத் தண்ணீராலும் கொடுக்கலாம், நமது சபைச் சட்டமும் இதுவே, நம்மில் பலர் இதை அறியோம் என்று முடித்து, பக்கத்தைப் புரட்டினார். அடுத்தது மணிக்கூண்டு.

எப்சிபா மணிக்கூண்டுக்குப் போகவில்லை. எந்தத் தண்ணீராலும். விசுவாசி எவரும். அன்றைக்குப் பிள்ளையின் தலைமாட்டில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது, ஆற வைத்த தண்ணீர். பஞ்சை நனைத்துப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள், ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாம் தடவை பஞ்சைக் கொண்டுபோனபோது நெற்றியில் சொட்டியது, முந்தானையால் துடைத்தாள். துடைத்தாளே. ஏசப்பா ஏசப்பா என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் இருந்தது, கை இருந்தது, உபதேசியார் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார், வாசலைப் பார்த்துக்கொண்டு பிள்ளையோடு மூன்று பேரும் சாவிக்குக் காத்திருந்தார்கள். நம்மில் பலர் இதை அறியோம். யார் அந்தப் பலர்? அவர் எப்போது அறிந்தார்? அன்றைக்கே தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால், முற்றத்தில் நின்றவனிடம் ஓடு, போய் உன் கையாலேயே ஊற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லியிருக்கலாம். தெரியாதிருந்தால், தெரியாத மனுஷன் இன்றைக்கு எந்த வாயால் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்? இரண்டில் எது என்றாலும் டம்ளர் அங்கேயேதான் இருக்கிறது. முப்பத்தெட்டு வருஷமாக அவர்மேல் ஒரு பாரத்தை வைத்து, அதன்மேல் சாய்ந்துதான் அவள் நின்றிருக்கிறாள். இப்போது அதில் பாதியைத் தூக்கி அவள் மடியிலேயே வைத்துவிட்டார், அதையும் சுவாரசியமான செய்தி என்று சொல்லி. ஒரு பெண்பிள்ளைகூட இத்தனை வருஷத்தில் என்னிடம் சொல்லவில்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்க வேண்டுமானால் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும், பேசினால் உடைந்துவிடுவேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு தைத்தாள். தப்பு என்னுடையதும்தான். இல்லை, அவருடையதுதான். தையல் மிஷின் சக்கரம் மாதிரி இதுவே திரும்பத் திரும்ப வந்தது, நிறுத்தக் கால் எடுத்தாலும் கொஞ்சம் ஓடிவிட்டுத்தான் நின்றது.

பிள்ளை விழித்துக்கொண்டது. அழவில்லை, மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது. ரிஷா ஏஞ்சலின் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் அப்படி, முன்கூட்டியே அச்சடித்துவிடுகிறார்கள். அவள் பெற்ற காலத்தில் தொட்டியில் சொல்லும்வரை பெயரை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் ஆகாது. பெர்சியாள் என்று ஏழாம் மாதத்திலேயே அவள் மனசில் வைத்திருந்தாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. பதிவேட்டில் ஏறவில்லை, கல்லில் வெட்டவில்லை, அந்தப் பெயர் இவள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது, இவள் போனால் அதுவும் போய்விடும். எப்போது அந்த எண்ணம் வந்தது என்று தெரியவில்லை, வந்தபோது பழைய எண்ணம் போலத்தான் இருந்தது. தொட்டியருகே பெயரிடுங்கள் என்று ஐயர் கேட்கும்போது ஞானத்தாய் எதைச் சொல்கிறாளோ அதுதான் பெயர். அதற்குமேல் அப்பீல் கிடையாது. ஒரு தடவை ஒரு ஞானத்தகப்பன் பதறிப்போய்த் தன் பெயரையே சொல்லிவிட்டான், பிள்ளைக்கு அதுவே நின்றுவிட்டது, இன்றும் ஒரே தெருவில் இரண்டு தேவசகாயம் உண்டு. நான் சொல்லுவேன். சார் பக்கத்திலேயே நிற்பார், பூட்டைத் திறக்கவும் மூடவும் அவர்தானே வர வேண்டும். அந்தப் பெயர் அவர் காதில் விழும், யார் பெயர் என்று கேட்பார், சொல்லுவேன். அந்த முகம் ஒரு தடவை மாற வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டாம், அழ வேண்டாம், ஒரே ஒரு நொடி அந்த முகம் மாறினால் போதும், அதற்குமேல் அவளுக்கு இந்தக் கோயிலில் ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் பெயர் அந்த வீட்டுக்குப் போய்விடுமே. ஏ பெர்சியா, தண்ணி கொண்டா என்று அந்த முற்றத்தில் கூப்பிடுவார்கள். வளர்ந்தபின் இந்தப் பழைய பேர் யார் வைத்தது என்று இந்தப் பிள்ளை சலித்துக்கொள்ளும். இது என்ன பாவம் செய்தது? சரி, அது என்ன பாவம் செய்தது? ஜெபக்கனி முன்வரிசையிலிருந்து திரும்பி, பிள்ளை சமர்த்தா இருக்கா என்று கண்ணாலேயே கேட்டாள். எப்சிபா தலையாட்டினாள். அவளை நினைத்துப் பாவமாக இருந்தது, தன்னை நினைத்துக் கேவலமாக இருந்தது. வேண்டாம், அச்சடித்ததையே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று முடிவு செய்தாள். அப்போது பிள்ளை அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. முடிவு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

வரலாறு முடிந்தது. கைதட்டினார்கள், கோயிலுக்குள் கைதட்டுவது புதுப் பழக்கம். பாட்டு எழும்பியது, புது ஐயர் இறங்கிப் பின்னால் வந்தார், அவருக்குப் பின்னால் ஜெபக்கனியும் புருஷனும், ஞானத்தகப்பனாக அவள் அண்ணனும், கடைசியாகச் சாவியை விரலில் கோத்துக்கொண்டு சாரும். எப்சிபா எழுந்தாள். பிள்ளையின் கவுனை இழுத்துச் சரிசெய்தாள். பூட்டு திறந்தது. மூடியை இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். உள்ளே ஈயத்தகடு, அதில் தண்ணீர், கலங்காத தண்ணீர், கையளவு ஆழம்கூட இல்லை. இவ்வளவுதானா என்றிருந்தது. இந்தப் பிள்ளை முன்பே ஞானஸ்நானம் பெற்றதா என்று ஐயர் கேட்டார், இல்லை என்றார்கள். பிசாசையும் அவன் செய்கைகளையும் விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார். ஜெபக்கனியின் அண்ணன் சத்தமாக விட்டுவிடுகிறேன் என்றான். எப்சிபாவின் உதடு அசைந்தது, சத்தம் வந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. ஐயர் பிள்ளையைக் கையில் வாங்கினார். மடியும் கையும் சட்டென்று லேசாகிவிட்டன, அந்த லேசு அவளுக்குத் தெரிந்த லேசு.

"இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள்."

"பெர்சியாள்," என்றாள்.

நடுக்கமில்லாமல் வந்தது. ஊரே கேட்கும்படி வந்தது. புது ஐயர் ஊருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அழைப்பிதழையெல்லாம் மனப்பாடம் செய்யவில்லை, காதில் விழுந்ததை வாங்கிக்கொண்டு பெர்சியாளே என்று கூப்பிட்டு மூன்று தடவை தண்ணீரை அள்ளி ஊற்றினார். பிள்ளை வீறிட்டு அழுதது. சபை ஆமென் என்றது. ஜெபக்கனியின் வாய் பாதி திறந்தபடி நின்றது. அவள் புருஷன் அவள் காதில் என்னவோ கேட்டான், அண்ணன் குனிந்து அழைப்பிதழைப் பார்த்தான், வயசானவங்க பதறிட்டாங்க போல என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். எப்சிபா அதொன்றையும் கேட்கவில்லை. அவள் சாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூடியைச் சரியாக இறக்கச் சொல்லி, இரும்புப் பட்டையைப் பொருத்தி, பூட்டை அமுக்கி, இழுத்துப் பார்த்தார். பாட்டு மறுபடி எழும்பி ஐயர் பீடத்துக்குத் திரும்பினார், மற்றவர்களும் அழுகிற பிள்ளையோடு முன்னால் போனார்கள். சார் மட்டும் மூச்சு வாங்கத் தொட்டியின்மேல் கைவைத்து நின்றார்.

"பெர்சியாளா? நல்ல பேரும்மா. எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு வாயில நுழையாத பேரா வச்சிருந்தாங்க, நீ மாத்தினது நல்லதாப் போச்சு," என்றார். "அது யாரு பேரு?"

"எம் மக பேரு சார்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் அந்த முகத்தை விடாமல் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. அவர் யோசித்தார், உண்மையாகவே, ஒரு தேதியைத் தேடுகிற மாதிரி நேர்மையாக யோசித்தார். அவள் இத்தனை வருஷம் காத்திருந்தது வரப்போகிறது என்று கையை இறுக்கிக்கொண்டாள்.

"ஒனக்குத் திருப்பூர்ல ஒத்த மகன்தானம்மா," என்றார். "மக இருந்தாளா?"

தெரியாமல்தான் கேட்டார்.